நெடுந்தீவுக் கல்வேலிகள்

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு வேலி என்றவுடன் நினைவுக்கு வருவன கதியாலும் பனையோலையுமே. கிளுவையையும் பூவரசையும் முள்முருக்கையும் வரிசையாக நாட்டி, ஆண்டுதோறும் ஓலை மாற்றி அடைத்து, அவ்வடைப்பின்போது அயலவருடன் அரையடி நிலத்துக்காகச் சொற்போர் நிகழ்த்துவதும் நம்மவர் வாழ்க்கையில் ஓர் அங்கமாகவே இருந்து வந்தது. வேலிச் சண்டையால் வாழ்ந்தவர்கள் வழக்கறிஞர்கள் மட்டுமே என்று நம் முன்னோர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அத்தகைய ஊரிலிருந்து புறப்படும் ஒருவர் நெடுந்தீவின் இறங்குதுறையிலே கால் வைத்துச் சற்றுத் தூரம் நடந்தாராயின், அவரை முதலில் நிறுத்தி வைப்பவை அத்தீவின் பெயர்பெற்ற மட்டக்குதிரைகளல்ல. தெருவின் இருமருங்கும் வளைந்தும் நெளிந்தும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை செல்லும் கல்வேலிகளேயாம்.

சென்ற ஆண்டு வைகாசி மாதத்து ஒரு சனிக்கிழமையன்று, எமது கல்லூரியின் உயர்தர வகுப்பில் வரலாறு பயிலும் மாணவர் இருபத்திரண்டு பேருடன் நாம் அத்தீவுக்குச் சென்றோம். பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணையையும் புங்குடுதீவையும் ஊடறுத்துச் செல்லும் பாதை குறிகட்டுவான் துறையில் முடிகிறது. அங்கிருந்து இயந்திரப் படகிலே ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். சோளகக் காற்றுத் தொடங்கியிருந்த காலமாதலின் கடல் சற்றுக் குமுறலாகவே இருந்தது. பாடிக்கொண்டு வந்த மாணவர்கள் நடுக்கடலில் ஒருவர் பின் ஒருவராக மௌனம் சாதித்தனர். படகிலிருந்த தீவு மக்களும் அவ்விடத்தில் அதிகம் பேசவில்லை. 1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆந் தேதி குமுதினிப் படகிலே பயணஞ் செய்தோர் கொலையுண்ட கடல் இதுவாகும். எமக்கு அருகிலிருந்த மூதாட்டி ஒருவர் கைகூப்பித் தொழுததைக் கண்டு, மாணவர் சிலர் தாமும் எழுந்து நின்றனர்.

நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சார்ந்த தீவுகளுள் தென்மேற்கே மிகத் தொலைவில் உள்ளது இதுவே. போர்த்துக்கேயர் இதனைப் பசுக்களின் தீவு என்றனர். ஒல்லாந்தரோ தம் நாட்டு நகரொன்றின் பெயரை இதற்குச் சூட்டி டெல்வ்ற் என அழைத்தனர். பழைய கோட்டையின் இடிபாடும், ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தின் தூண்களும், பருத்த பெருக்கமரமும், புறாக்கூடும் இங்கு வருவோர் யாவரும் காண்பவை. இவற்றைப் பற்றிப் பலர் எழுதியிருப்பதால் நாம் அவற்றை விட்டு வேலிக்குத் திரும்புவோம்.

இத்தீவின் நிலம் சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் மெல்லிய போர்வையாகப் படிந்த மண்ணையுடையது. மண்வெட்டியை ஓங்கினால் கல்லிலேதான் படும். பயிரிட விரும்பியவன் முதலிற் கல்லைப் பொறுக்கவேண்டும். பொறுக்கிய கல்லை எங்கேனும் குவிக்கவேண்டும். வேலிக்கு நாட்ட வேண்டிய மரமோ குடாநாட்டிற் போல இங்கு செழித்து வளர்வதில்லை. மாடும் ஆடும் மட்டக்குதிரையும் கட்டாக்காலியாகத் திரியும் தீவிலே வேலியில்லாத தோட்டம் ஒருநாட் பொழுதுக்கும் தங்காது. ஆகவே இடையூறாக இருந்த கல்லே காவலாயிற்று. நிலத்திற் பொறுக்கிய கல்லோடு கடலோரத்து முருகைக்கல்லையும் சேர்த்து, சுண்ணாம்புச் சாந்தோ களிமண்ணோ இன்றி, ஒன்றன் மேலொன்றாக அடுக்கி இவ்வேலிகளை எழுப்பினர். இடுப்பளவு உயரமானவையும் உண்டு. மார்பளவு உயர்ந்தவையும் உண்டு. கற்களுக்கிடையே வெளிச்சம் தெரியும். அரணைகளும் ஓணான்களும் அவ்விடுக்குகளிலே குடியிருக்கின்றன.

முருகைக்கல் என்பது கல்லாயினும் கல்லன்று. கடலிலே வாழும் மிகச் சிறிய உயிர்கள் தலைமுறை தலைமுறையாகத் தம்மைச் சுற்றிக் கட்டிக்கொண்ட சுண்ணாம்புக் கூடே அது. அதனை உற்றுப் பார்த்தால் தேன்கூடு போன்றும், விரல்கள் போன்றும், மனித மூளையின் மடிப்புகள் போன்றும் கோலங்கள் தெரியும். நீரில் வழவழப்பான ஆற்றங்கல்லைப் போலன்றி இது சொரசொரப்பானது, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சாந்தின்றி அடுக்குவதற்கு இதனிலும் பொருத்தமான கல் கிடைப்பதரிது.

அவ்வழகுதான் எம்மை இக்கட்டில் மாட்டியது. ஒடுங்கிய ஒழுங்கையொன்றின் வழியே செல்லும்போது, மாணவன் ஒருவன் மூளைக்கோலமுள்ள கல்லொன்றைக் கண்டு ஆசைகொண்டான். வீட்டுக்கு எடுத்துச் சென்று மேசையில் வைக்கும் எண்ணம். வேலியின் நடுவிலிருந்த அதனை அவன் அசைத்து அசைத்து இழுத்தெடுத்த கணத்தில், மழை பெய்தாற்போன்ற ஓசையுடன் இரண்டு யார் நீள வேலி ஒழுங்கையில் வந்து விழுந்தது. எவருக்கும் காயமில்லை. ஆனால் ஆசிரியராகிய எமக்கு ஏற்பட்ட வெட்கத்தை இங்கு எழுதி மாளாது.

ஓசை கேட்டு வளவுக்குள்ளிருந்து ஒரு பெரியவர் வந்தார். எண்பதை எட்டிய வயது, இடுப்பில் நாலு முழ வேட்டி, மெலிந்த தேகம். விழுந்த கல்லையும், கல்லை ஏந்தியவாறு நின்ற மாணவனையும், எம்மையும் முறையே பார்த்தார்.

"இழுத்த கல்லுச் சின்னன். விழுந்த வேலி பெரிசு," என்றார்.

நாம் மன்னிப்புக் கேட்டு, பணம் தருவதாகவும் கூறினோம். அவர் அதனைக் காதில் வாங்கவில்லை.

"காசு என்னத்துக்கு, வாத்தியார்? உங்கடை பிள்ளையள்தானே. விழுந்ததை எடுத்து அடுக்கிப்போட்டுப் போங்கோ."

அன்று நாம் பார்க்க எண்ணியிருந்த இடங்களிற் பாதியைக் காணவில்லை. அதற்காக வருந்தவுமில்லை. இருபத்தைந்து ஆண்டு கற்பித்தலில், ஒரு பாடத்தை மாணவர் அத்துணைக் கவனத்துடன் கேட்டதை நாம் அதற்கு முன் கண்டதில்லை.

முதலில் அவர் அடுக்கச் சொல்லவில்லை. இன்னுங் கழற்றச் சொன்னார். விழுந்த இடத்தின் இருபுறமும் வயிறு தள்ளியிருந்த பகுதியை உறுதியான கல் தென்படும்வரை பிரித்தோம். பிரித்த கற்களைப் பெரியவை, நடுத்தரமானவை, சல்லிகள் என மூன்று குவியலாக்கினோம். அடிவரிசையிற் பெரிய கற்கள். அதன்மேல் உட்புறத்துக்கு ஒரு வரிசை, வெளிப்புறத்துக்கு ஒரு வரிசையென இரு முகங்கள் எழும். நடுவே சல்லி நிரப்பவேண்டும். மாணவர் சிலர் மண்ணை அள்ளி நிரப்ப முனைந்தபோது அவர் கையைத் தட்டிவிட்டார். மண் மழையிற் கரைந்து கீழே இறங்கும். இறங்கியது இரு முகத்தையும் வெளியே தள்ளும். கல்லின் நீட்டுப்பக்கம் வேலியின் உள்ளே போகவேண்டுமேயன்றி முகப்பில் தெரியலாகாது. பார்வைக்குப் பெரிதாகத் தோன்றவேண்டுமென்று நீளவாட்டில் வைக்கும் கல்லே முதலில் விழும் கல். கீழ்வரிசையில் இரண்டு கல் சேரும் பொருத்தின்மேல் மூன்றாவது கல் அமரவேண்டும். அரை உயரத்தில் இருமுகத்தையும் சேர்த்துக் கட்டுமாறு குறுக்கே நீண்ட கற்களைக் கிடத்தவேண்டும். அடி அகன்றும் தலை ஒடுங்கியும் மேலெழ வேண்டும். உச்சியிற் பாரமான கற்கள் அமர்ந்து அனைத்தையும் அழுத்தவேண்டும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் அவர் உள்ளங்கையால் கற்களைத் தட்டிப் பார்த்தார். ஆடும் கல்லை ஓசையிலேயே கண்டுகொண்டார். முருகைக்கல் பட்டு மாணவர் கைகளெல்லாம் சிராய்ந்து குருதி கசிந்தது. அவர் உள்ளே சென்று பழைய சாக்குகளைக் கிழித்துக் கொடுத்தார்.

"சீமெந்து கொஞ்சம் பூசினால் இவ்வளவு பாடு இல்லையே, ஐயா?" என்று ஒருவன் கேட்டான்.

"தம்பி, காத்துக்கு வழி விடாத வேலியைக் காத்துத் தள்ளும்," என்றார் அவர்.

இதனை நாம் மாணவருக்குச் சற்று விரித்துரைத்தோம். சோளகம் வீசும் மாதங்களில் இத்தீவின் வெட்டவெளியைத் தடுக்க மலையுமில்லை, காடுமில்லை. இடுக்குள்ள வேலியிற் புகும் காற்று வேகந் தணிந்து மறுபுறம் செல்கிறது. அதனருகே நட்ட கன்று பிழைக்கிறது. மாரி வெள்ளமும் அவ்வாறே இடுக்கினூடாக வடிந்துவிடுகிறது. நிலம் சற்றே தாழ்ந்தாலும் கற்கள் தாமும் சிறிது அசைந்து இருக்கை மாற்றிக்கொள்ளும். சீமெந்தோ அசையாது; அசையவேண்டி வரும்போது வெடிக்கும். அது முருகைக்கல்லிலும் கடினமானது. கல்லுக்குள்ளிருக்கும் ஈரத்தை வெளிவர விடாது. உப்புக்காற்றிலே ஊறிய கல்லில் ஈரம் அடைபட்டால், உப்புப் பூத்துக் கல்லின் முகமே பொடிந்து உதிரும். பழைய கட்டடங்களைச் சீமெந்து பூசிக் காப்பாற்றப் புகுந்து அவற்றைக் கெடுத்த கதைகள் உலகெங்கும் உண்டு.

வேலை முடிந்தபின் அவர் வளவில் அமர்ந்து பனங்கட்டியுடன் தேநீர் அருந்தினோம். அப்போதுதான் அவர் தம் கவலையை வெளியிட்டார். பிள்ளைகள் நால்வர், நால்வரும் வெளிநாட்டில். ரொறன்ரோவிலுள்ள மூத்த மகன், தெருப்பக்கத்து வேலியை அகற்றிச் சீமெந்துக் கல்லால் மதில் கட்டும்படி பணம் அனுப்பியிருக்கிறார். பேரப்பிள்ளைகளை அழைத்து வரும்போது வீடு வீடாகத் தெரியவேண்டுமாம். அத்துடன், வேலிக் கல்லை உழவு இயந்திரப் பெட்டிக் கணக்கில் விலைக்குக் கேட்டு, அத்திவாரம் நிரப்புவதற்கென ஒருவர் அடிக்கடி வருகிறார். அயல் வளவுகள் இரண்டில் அவ்வாறு வேலி விலைபோய், இப்போது முட்கம்பி நிற்கிறது.

"என்ரை அப்புவும் நானும் அடுக்கின வேலி. அதுக்கு முதல் அவற்றை அப்பு. மேனும் பிழை சொல்லேல்லை. அவன் நல்லதுக்குத்தான் சொல்லுறான். வாத்தியார் படிச்சனீங்கள், நீங்கள் சொல்லுங்கோ."

மாணவர் இருபத்திருவரும் எம் முகத்தைப் பார்த்தனர். வகுப்பிலே பழமை பேணல் பற்றி நாம் ஆற்றிய சொற்பொழிவுகள் அனைத்தையும் அவர்கள் அறிவர். ஆயினும் எமக்கு அக்கணம் வாய் எழவில்லை. காரணத்தை மறைப்பானேன்? 2011 ஆம் ஆண்டில் எம் வளவைச் சுற்றியிருந்த கதியால் வேலியைப் பிடுங்கியெறிந்து ஆறடி மதில் எழுப்பியவர் நாமே. அவ்வேலியிலிருந்த பொட்டொன்றின் வழியாக எம் தாயாரும் அயல்வீட்டு அன்னம்மாக்களும் கறிச்சட்டி கைமாற்றியதைக் கண்டு வளர்ந்தவர் நாம். மதில் எழுந்தபின் தாயார் ஒன்றுஞ் சொல்லவில்லை. பின்னேரங்களில் அப்பக்கம் சென்று அமர்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார். இப்போது மாரியில் எம் முற்றத்து வெள்ளம் வடிய வழியின்றி முழங்காலளவு நிற்கிறது. அதற்காக அயலவருடன் நமக்குப் பேச்சுவார்த்தை குறைந்தும் இருக்கிறது.

ஆகவே பெரியவருக்கு அறிவுரை கூறாது, அறிந்த செய்தியை மட்டும் கூறினோம். சட்டம் இவ்வேலிக்குப் பெரிதும் துணைசெய்யாது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பழமைக்கு எல்லையாகக் கொண்ட நாள் 1815 ஆம் ஆண்டு மார்ச்சு 2 ஆந் தேதி; கண்டி ஒப்பந்தம் ஏற்பட்ட நாள் அது. கோட்டைக்கு ஆவணமுண்டு, கோயிலுக்குக் கல்வெட்டிருக்கலாம். வேலிக்கு என்ன உண்டு? ஆண்டுதோறும் விழுவதும் அடுக்குவதுமாக வரும் ஒன்றிலே எந்தக் கல் 1815 க்கு முந்தியது, எது சென்ற மாரியில் வைத்தது என்று யார் பிரித்துரைப்பார்? யாழ்ப்பாணக் கோட்டை போரிற் சிதைந்தபின் ஒல்லாந்த நாட்டின் உதவியுடன் திருத்த வேலைகள் நடைபெற்றன, அது வேண்டியதே. ஆயின் அந்நியர் எழுப்பிய மதிலுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு துளியேனும் நம்மவர் தம் கையால் அடுக்கிய வேலிக்குக் கிடைத்தல் வேண்டாமா என்பதே எம் வினா.

மற்றொரு சட்டமோ மறைமுகமாக வந்து தொடுகிறது. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோது கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது தடைசெய்யப்பட்டது. மிக நல்ல சட்டம். சுண்ணாம்புச் சூளைக்காகப் பவளப்பாரை வெட்டியெடுத்த தென்கரை ஊர்களிலே கடல் நிலத்தை எவ்வாறு அரித்ததென்பதை நாடு கண்டிருக்கிறது. ஆனால் இதனாற் புதிய கல் இனி வராது என்பதும் உண்மை. இன்று வேலியிலுள்ள கல்லே இருப்பு. ஒரு பெட்டிக் கல் அத்திவாரத்துக்குள் போனால், அது என்றென்றைக்கும் போனதே.

மாணவருக்கு வியப்பளித்த செய்தி இன்னொன்று. சாந்தின்றிக் கல்லடுக்கும் கலையை, குரோசியா, சைப்பிரசு, பிரான்சு, கிரேக்கம், இத்தாலி, சுலோவீனியா, இசுப்பெயின், சுவிற்சர்லாந்து என்னும் எட்டு நாடுகளின் விண்ணப்பத்தின்மேல் யுனெஸ்கோ 2018 இல் மானிடத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 2024 இல் அயர்லாந்து உட்பட மேலும் ஐந்து நாடுகள் இணைந்தன. இங்கு கவனிக்கத்தக்கது யாதெனில், பட்டியலில் ஏறியது வேலியன்று, வேலியடுக்கும் கை. அறிந்த கை இருக்கும்வரை விழுந்த வேலி மீண்டும் எழும். எமக்கு அன்று தேநீர் தந்த கைக்கு வயது எண்பது.

இதனைக் கேட்ட பெரியவர், "எங்கடை பேர் அதிலை இல்லையோ?" என்று சிரித்தார்.

பெரிய செலவின்றிச் செய்யக்கூடியவை சில உள. தீவிலுள்ள பாடசாலை மாணவரைக் கொண்டே எவ்வொழுங்கையில் எவ்வளவு வேலி உண்டு, எது நிற்கிறது, எது சரிகிறது எனக் கணக்கெடுத்து வரைபடம் ஆக்கலாம். தெருவை அகட்டும்போது ஒப்பந்தக்காரர் கல்லை ஏற்றிச் செல்லாது, பின்தள்ளி அடுக்கித் தரவேண்டுமென உள்ளூராட்சிச் சபை விதிக்கலாம். மட்டக்குதிரைகள் மேயும் நிலப்பகுதி 2015 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டிருக்கிறது. குதிரையைப் பார்க்க வருவோர் தரும் பணத்தில் ஒரு பங்கு வேலியடுக்கும் கூலியாகலாம். முதியோர் ஒவ்வொருவரிடமும் இளைஞர் இருவரைக் கூலி கொடுத்துப் பழக்கலாம். இவை எம் எண்ணங்கள். அத்தீவில் வாழ்வோர் இவற்றினும் நல்லவற்றை அறிவர். வேலியைப் பேணு என்று வெளியூரார் வந்து போதிப்பதும், குடிநீருக்கும் படகுக்கும் வைத்தியருக்கும் அலையும் மக்களை வேடிக்கைப் பொருளாக்குவதும் எமக்கு உடன்பாடானவையல்ல.

மூளைக்கோலமுள்ள அக்கல்லை என்ன செய்வதென மாணவன் தயங்கி நின்றான். பெரியவர் அதனை வாங்கி, உச்சிவரிசையிலே தெருவில் போவோர் காணுமாறு வைத்தார். படகுக்கு ஓட்டமும் நடையுமாகவே வந்து சேர்ந்தோம்.

இவ்வாண்டு தை மாதத்தில், அம்மாணவருள் அறுவருடன் மீண்டும் அங்கு சென்றோம். தெருப்பக்கத்தில் சாம்பல் நிறச் சீமெந்து மதில் முப்பது பாக நீளத்துக்கு எழுந்து நின்றது. இன்னும் பூச்சுப் பூசவில்லை. எம் நெஞ்சு சற்றே இறங்கியது. படலையைத் திறந்து உள்ளே அழைத்துச் சென்ற பெரியவர், வளவின் பின்புறத்தைக் காட்டினார். கழற்றிய கல்லில் ஒன்றையேனும் விற்கவில்லை. பெரியது, நடுத்தரம், சல்லி எனத் தரம் பிரித்துப் பனைகளினடியிற் குவித்திருந்தார். மகனுக்கு மதில், தமக்குப் பின்வேலி. பின்வேலியில் சரிந்திருந்த பகுதியை அக்கல்லாற் புதுக்கும் வேலையில் பாதி முடிந்திருந்தது.

மாணவர்கள் தாம் அடுக்கிய இரண்டு யாரைக் காண ஒழுங்கைக்கு விரைந்தனர். மூளைக்கல் உச்சியில் இருந்தது. ஆனால் மற்றைக் கற்களின் ஒழுங்கு அவர்கள் நினைவிலிருந்ததாகத் தோன்றவில்லை.

"நீங்கள் போய் மூண்டாம் நாளே கழட்டி நான் திருப்பி அடுக்கிப்போட்டன்," என்றார் பெரியவர். "மாரிக்கு நிண்டிராது. பிழையாய் நினையாதையுங்கோ."

மாணவர் நகைத்தனர், நாமும் நகைத்தோம். விடைபெறும்போது அவர் எம்மைத் தனியே அழைத்து, பின்வேலியில் இன்னும் நாற்பது யார் கிடப்பதாகவும், அடுத்த சோளகத்துக்கு முன் பிள்ளைகளைக் கூட்டி வரும்படியும் கூறினார்.

"வரேக்கை சாக்கும் கொண்டு வாங்கோ, வாத்தியார். என்னட்டை இருந்ததெல்லாம் முடிஞ்சுது."